எண்டோகன்னபினாய்டு அமைப்பு: உடம்பு, மருந்து, சாப்பாடு குறித்த விவாத இழை

#1 மலைக்கோட்டை

ஒற்றைத் தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல் குடல் மூன்றுக்கும் காரணம் "எண்டோகன்னபினாய்டு குறைபாடு" என்று சொல்லி, நாக்கின் அடியில் விடும் சிபிடி எண்ணெய் ஒன்றை விளம்பரம் செய்கிறார்கள் (சிபிடி என்பது கஞ்சாச் செடியில் உள்ள ஒரு பொருள்). "நாலு சொட்டு விட்டால் அமைப்பு மறுபடி நிரம்பிவிடும்" என்கிறது அந்தப் பக்கம்.

என் கேள்விகள் மூன்று. அப்படி ஒரு அமைப்பு உண்மையிலேயே இருக்கிறதா, அதன் வேலை என்ன? குறைபாடு என்றால் ரத்தத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா? மருந்தோ சாப்பாடோ உடற்பயிற்சியோ அதை மாற்றுமா? துறை தெரிந்தவர்கள் அளவுகளோடு எழுதினால் பலருக்கும் உதவும்.

#2 சினாப்ஸ்

அமைப்பு உண்மைதான். விளம்பரம் அதை ஒரு தண்ணீர்த் தொட்டி மாதிரி காட்டுகிறது, அங்கேதான் கோளாறு.

முதலில் கண்டுபிடித்த கதை. 1964-ல் இஸ்ரேலில் ரபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் கஞ்சாவிலிருந்து போதை தரும் பொருளான டிஎச்சியைப் பிரித்து அதன் அமைப்பைச் சொன்னார்கள். அது மூளையில் எதில் போய் ஒட்டுகிறது என்று தெரிய 24 வருடம் பிடித்தது. 1988-ல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டின் குழு எலி மூளையில் அந்த ரிசப்டரைக் காட்டியது. 1990-ல் அதன் மரபணுவைப் பிரித்தார்கள். அதுதான் சிபி1. ஒரு செடியின் சாற்றுக்காக மூளை ரிசப்டர் வைத்திருக்காதே, உடம்பே தயாரிக்கும் பொருள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று தேடினார்கள். 1992-ல் பன்றி மூளையிலிருந்து ஒரு கொழுப்பு மூலக்கூறு கிடைத்தது. "ஆனந்தம்" என்ற சொல்லிலிருந்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். 1993-ல் நோய் எதிர்ப்பு செல்களில் நிறைய இருக்கும் சிபி2 தெரிந்தது, 1995-ல் 2-ஏஜி என்ற இரண்டாவது பொருள். உடம்பே தயாரிக்கும் இவைதான் எண்டோகன்னபினாய்டுகள். மூளையில் ஆனந்தமைடைவிட 2-ஏஜி நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது.

இனி வேலை. ஒரே ஒரு சினாப்ஸை, அதாவது இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தை, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னால் உள்ள நரம்பணு குளூட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளைக் கொட்டுகிறது. பின்னால் உள்ளது அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் அதற்குள் கால்சியம் ஏறும். கால்சியம் ஏறியதும் சவ்வில் இருக்கும் டிஏஜி லைப்பேஸ் என்ற என்சைம் அந்தச் சவ்வுக் கொழுப்பிலிருந்தே 2-ஏஜியை அங்கேயே தயார் செய்கிறது. அது வந்த வழியே திரும்பிப் போய் முன் நரம்பணுவின் முனையில் இருக்கும் சிபி1-ல் ஒட்டுகிறது. அங்கே கால்சியம் உள்ளே வருவது குறையும், குளூட்டமேட் கொட்டுவதும் குறையும். சில பத்து வினாடிகளில் மோனோஅசைல்கிளிசரால் லைப்பேஸ் அந்த 2-ஏஜியை உடைத்துவிடும், பிரேக் விடுபடும். 2001-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இந்தப் பின்னோட்டத்தைக் காட்டின.

டோபமைன், செரட்டோனின் மாதிரி இவை பையில் கட்டிச் சேமித்து வைக்கப்படுவதில்லை. தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் நொடியில் தயாராகி, அங்கேயே அழிகின்றன. அதனால் "நிரப்புவது" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

இன்னொன்று. சிபி1 தூண்டும் நரம்பு முனைகளிலும் இருக்கிறது, அடக்கும் காபா நரம்பு முனைகளிலும் இருக்கிறது. காபாவில் பிரேக் போட்டால் அந்தச் சுற்றின் வேகம் கூடும். அதனால் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் சிபி1-ஐ அழுத்தினால் ஒருவருக்கு அமைதி, இன்னொருவருக்குப் படபடப்பு என்று விளைவு மாறும்.

உயிருக்கு இது எவ்வளவு அடிப்படை என்பதற்கு ஒரு சோதனை போதும். பிறந்த எலிக்குட்டிக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் சிபி1-ஐத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் அது பால் குடிக்காது, சில நாளில் இறந்துவிடும். தாய்ப்பாலிலும் 2-ஏஜி உண்டு. சிபி1 இல்லாமல் வளர்த்த எலிகள் பழைய பயத்தை மறக்கத் திணறுகின்றன. சிபி2 இல்லாத எலிகளுக்கு வயதாக ஆக எலும்பு அடர்த்தி குறைகிறது. மூச்சை இயக்கும் முகுளப் பகுதியில் சிபி1 மிகக் குறைவு. மார்பின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் மாதிரி டிஎச்சி மூச்சை நிறுத்தாததற்கு அதுதான் காரணம்.

#3 சோதனைக்குழாய்

இரண்டாவது கேள்விக்கு: அளக்க முடியும், ஆனால் அந்த எண்ணை வைத்து உங்களுக்குக் குறைபாடு என்று யாரும் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் எங்கே தப்பு நடக்கிறது என்று எழுதுகிறேன்.

ரத்தத்தை உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்ததும் ஐஸில் வைக்க வேண்டும். 4 டிகிரி சென்ட்டிகிரேடில் சுழற்றி, முடிந்தால் 10 நிமிடத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். காரணம், குழாய்க்குள் இருக்கும் ரத்த செல்கள் ஆனந்தமைடை வெளிவிட்டுக்கொண்டே இருக்கின்றன. உடல் வெப்பத்தில் ஒரு மணி நேரம் அப்படியே விட்டால் அளவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்து, பைக்கில் ஊர் சுற்றி மாலையில் ஆய்வகம் சேரும் குழாயில் நீங்கள் அளப்பது உடம்பை அல்ல, தாமதத்தை.

2-ஏஜியில் சிக்கல் வேறு. அது தானாகவே 1-ஏஜியாக உருமாறும். சூடு பட்டால் வேகமாக மாறும். இரண்டுக்கும் எடை ஒன்றே என்பதால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மட்டும் பிரித்துச் சொல்லாது, அதற்கு முன்னால் உள்ள குரோமட்டோகிராபி குழாய் இரண்டையும் தனித்தனியே இறக்க வேண்டும். ஒப்பிட்டு அளப்பதற்கான டியூட்டீரியம் ஏற்றிய உள்தரத்தைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும், மாதிரியை மைனஸ் 80-ல் வைக்க வேண்டும். எலிசா கிட் வைத்துத் தரும் எண்களை நான் நம்பமாட்டேன்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் 2-ஏஜி நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. தூக்கத்தின் நடுவில் அடிமட்டம், மதியத்தையொட்டி உச்சம். சாப்பாடு, உடல் பருமன், காலையில் நடந்ததா இல்லையா எல்லாம் அளவை மாற்றும். எல்லா ஆய்வகமும் ஒப்புக்கொண்ட இயல்பு வரம்பும் கிடையாது. சினாப்ஸ் சொன்ன அந்தச் சில பத்து வினாடி வேலை முழங்கை ரத்தத்தில் எப்படித் தெரியும்?

#4 மலைக்கோட்டை

அப்படியானால் "குறைபாடு" என்பதே கட்டுக்கதையா?

#5 சினாப்ஸ்

கட்டுக்கதை என்று தள்ளமாட்டேன். அது ஒரு கருதுகோள். ஈதன் ரூசோ என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2000-களின் தொடக்கத்தில் முன்வைத்தார்: ஒற்றைத் தலைவலி, பைப்ரோமயால்ஜியா (உடம்பு முழுக்க நாட்பட்ட வலி), எரிச்சல் குடல் மூன்றும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவது அதிகம், ஸ்கேனில் எதுவும் தெரிவதில்லை, மூன்றிலும் வலி உணர்வு மிகை. அடியில் இந்த அமைப்பின் தளர்ச்சி இருக்கலாம் என்றார். நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்காரர்களின் மூளைத் தண்டுவட நீரில் ஆனந்தமைடு குறைவாக இருந்ததை 2007-ல் ஒரு இத்தாலியக் குழு காட்டியது. ஆனால் குறைவால் வலி வந்ததா, வருடக்கணக்கான வலியாலும் மாத்திரையாலும் குறைந்ததா என்பதை அந்த ஆய்வால் பிரிக்க முடியாது.

மறுபக்கத்துக்கும் ஒரு உதாரணம் உண்டு. ஆனந்தமைடை உடைக்கும் என்சைமின் பெயர் எஃப்ஏஏஎச். அதன் செயல்பாட்டைக் குறைக்கும் மரபணு மாற்றங்களோடு பிறந்த ஸ்காட்லாந்துப் பெண் ஒருவரைப் பற்றி 2019-ல் மருத்துவ இதழில் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலி மருந்து கேட்கவில்லை, பதற்றம் மிகக் குறைவு, காயம் சீக்கிரம் ஆறுகிறது, சூடு பட்டால் தோல் கருகும் வாசனை வந்த பிறகே தெரிகிறது. ரத்தத்தில் ஆனந்தமைடு ஒப்பீட்டு ஆட்களைவிட சுமார் 70 சதவீதம் கூடுதல். மறதியும் அதிகம் என்று அதே கட்டுரை சொல்கிறது, அதைப் பலர் விட்டுவிட்டுப் பகிர்கிறார்கள்.

#6 மருந்துச்சீட்டு

இந்த இழையில் கட்டாயம் வர வேண்டியது இரண்டு மருந்துகள்.

முதலாவது ரிமோனபான்ட், சிபி1-ஐத் தடுக்கும் எடை குறைப்பு மாத்திரை. 2006 ஜூனில் ஐரோப்பா அனுமதித்தது, தினம் 20 மில்லிகிராம். ஐரோப்பிய ஆய்வில் ஓராண்டில் சராசரியாக 6.6 கிலோ குறைந்தது, வெற்று மாத்திரைக்கு 1.8. இடுப்பளவும் டிரைகிளிசரைடும் இறங்கின. ஆனால் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடின. 2007-ல் அமெரிக்க ஆலோசனைக் குழு ஒருமனதாக வேண்டாம் என்றது, 2008 அக்டோபரில் ஐரோப்பா விற்பனையை நிறுத்தச் சொன்னது. இந்தியாவிலும் இது விற்றது, 2009-ல் தடையானது. பசிக்கும் பயத்துக்கும் ஒரே ரிசப்டர் என்பதை மறந்ததன் விலை அது.

மூளைக்குள் குறைவாகப் போகும்படி செய்து ஈரல், கொழுப்புத் திசுவில் மட்டும் சிபி1-ஐப் பிடிக்கலாம் என்று இப்போது முயல்கிறார்கள். மொன்லுனபான்ட் அப்படி ஒன்று. 2024-ல் வந்த முடிவில் 10 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 16 வாரத்தில் 7.1 கிலோ குறைந்தது, வெற்று மாத்திரைக்கு 0.7. அதிலும் டோஸ் கூடக் கூடப் பதற்றம், எரிச்சல், தூக்கக் கலைவு கூடியது.

இரண்டாவது பியா 10-2474. இது எதிர்த்திசை: எஃப்ஏஏஎச்சை முடக்கி ஆனந்தமைடை உயர்த்துவது. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் நடந்த முதல்கட்ட ஆய்வில் தினம் 50 மில்லிகிராம் எடுத்த ஆரோக்கியமான தன்னார்வலர்களில் ஒருவருக்கு ஐந்தாவது டோஸ் நாளில் தலைவலியும் பார்வைக் கோளாறும் தொடங்கின. அவர் ஒரு வாரத்தில் இறந்தார், இன்னும் ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஆனந்தமைடு கூடியதுதான் காரணமா? இல்லை என்றே சான்றுகள் காட்டுகின்றன. எஃப்ஏஏஎச்சை ஏறக்குறைய முழுதும் முடக்கிய வேறு மருந்துகள் இப்படிச் செய்யவில்லை. இந்த மூலக்கூறு நரம்பு செல்களின் வேறு பல லைப்பேஸ்களையும் சேர்த்து முடக்கியது என்று 2017-ல் தெரிந்தது. பாதுகாப்பாக இருந்த அந்த மற்ற மருந்துகளில் ஒன்று முழங்கால் தேய்மான வலி ஆய்வில் ஆனந்தமைடை நன்றாக உயர்த்தியும் வலியைக் குறைக்கவில்லை. விளம்பரக்காரர்கள் இதைச் சொல்வதில்லை, நான் இதையே முதலில் சொல்வேன்.

நம் வீட்டு மாத்திரைப் பெட்டியிலும் ஒரு தொடர்பு உண்டு. பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதி மூளையில் எஃப்ஏஏஎச் வழியாக ஏஎம்404 என்ற பொருளாக மாறுகிறது. வலி குறைவதில் அதற்கும் பங்கு உண்டு. அதற்காக டோஸைக் கூட்டாதீர்கள். நாளுக்கு 4 கிராம் என்பதே பெரியவர்களுக்கு உச்சவரம்பு, ஈரல் பலவீனமானவர்களுக்கு அதைவிடக் குறைவு.

#7 பொதுமருத்துவம்

"நாலு சொட்டு" கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 10 மில்லி குப்பியில் 500 மில்லிகிராம் சிபிடி என்று லேபிள் இருந்தால் 1 மில்லியில் 50. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. ஒரு சொட்டில் 2.5, நாலு சொட்டில் 10 மில்லிகிராம்.

முறையான ஆய்வுகளில் தேறி, 2018 ஜூனில் அமெரிக்கா அனுமதித்த சிபிடி மருந்து எபிடியோலெக்ஸ். டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரண்டு கடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்கு. தொடக்க டோஸ் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. ஒரு வாரம் கழித்து 5, இரண்டு வேளை. மருந்தின் செறிவு மில்லிக்கு 100 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு அரை மில்லி. ஒரு வாரத்துக்குப் பிந்தைய டோஸ் கணக்கில் 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வரும். நாலு சொட்டு அதில் அறுபதில் ஒரு பங்கு. வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது அதிலும் சொற்பம், கொழுப்பான சாப்பாட்டோடு எடுத்தால் சுமார் நான்கு மடங்கு சேரும். வெறும் வயிற்றில் ஒரு நாள், சாப்பாட்டோடு ஒரு நாள் என்று மாற்றி எடுத்தால் டோஸே நாலு மடங்கு ஆடும்.

முழு டோஸில் தொந்தரவுகளும் உண்டு. தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, பசி குறைவு. ஈரல் என்சைம்கள் ஏறும், சோடியம் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சேர்ந்தால் இன்னும் ஏறும். அதனால் தொடங்கும் முன்பும் 1, 3, 6-ம் மாதங்களிலும் ஏஎல்டி, ஏஎஸ்டி, பிலிருபின் என்ற ஈரல் சோதனைகளைப் பார்க்க வேண்டும். குளோபசாம் என்ற வலிப்பு மருந்து எடுப்பவருக்கு அதன் செயல்படும் வளர்சிதைப் பொருள் சுமார் மூன்று மடங்கு கூடும்; குழந்தை தூங்கி வழிகிறது என்றால் முதலில் குறைக்க வேண்டியது பெரும்பாலும் குளோபசாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவருக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) எகிறும்.

#8 மலைக்கோட்டை

சிபிடி போய் சிபி1-ல் ஒட்டி அமைப்பைத் தூண்டுகிறது என்று அந்தப் பக்கத்தில் படம் போட்டிருக்கிறார்களே?

#9 சினாப்ஸ்

படம் தவறு. டிஎச்சிதான் சிபி1-ல் ஒட்டித் தூண்டும், அதுவும் பாதியளவே. "ஸ்பைஸ்" என்று விற்கப்படும் செயற்கைச் சரக்குகள் முழுதாகத் தூண்டும், அதனால்தான் அவற்றால் வலிப்பும் சாவும் நேர்கின்றன. சிபிடி அந்தத் தளத்தில் மிக மோசமாகவே ஒட்டும். வலிப்பை அது நிறுத்துவது ஜிபிஆர்55, டிஆர்பிவி1 போன்ற வேறு வழிகளால் என்றே கருதப்படுகிறது. ஆக, எண்டோகன்னபினாய்டு என்ற பெயரில் விற்கப்படும் பொருளின் முக்கிய வேலை நடப்பது அந்த அமைப்புக்கு வெளியே.

#10 மருந்துச்சீட்டு

லேபிளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. வேலைக்கான சிறுநீர்ச் சோதனை இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இந்தியாவில் 1985-ன் போதைப்பொருள் சட்டம் பூக்கும், காய்க்கும் நுனியைத்தான் கஞ்சா என்கிறது. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. இலையிலிருந்து செய்யும் மருந்துகள் ஆயுஷ் உரிமத்தில், மருத்துவர் மேற்பார்வையில் விற்கும் வகை. மாநில விதிகள் வேறுபடும். சீட்டு இல்லாமல் கூரியரில் அனுப்புகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

#11 அடுப்பங்கரை_வேதியியல்

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஆனந்தமைடும் 2-ஏஜியும் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து வருகின்றன, அதன் மூலம் ஒமேகா-6 வகை லினோலெயிக் அமிலம். எலித் தீனியில் லினோலெயிக்கை ஆற்றலில் 1 சதவீதத்திலிருந்து 8 ஆக்கியபோது இரண்டும் கூடி எலிகள் குண்டாயின. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலெயிக் சுமார் 60 சதவீதம், நல்லெண்ணெயில் 40-ஐ ஒட்டி, கடலை எண்ணெயில் 30-ஐ ஒட்டி, தேங்காயெண்ணெயில் 2. என் கருத்து: சூரியகாந்தி ஒன்றையே வருடம் முழுக்க ஊற்றுவதை நிறுத்த வேண்டும்.

மிளகு பற்றியும் சொல்ல வேண்டும். மிளகிலும் கிராம்பிலும் உள்ள பீட்டா-காரியோபிலீன் சிபி2-ல் நேராக ஒட்டும் என்று 2008-ல் காட்டினார்கள். போதை தரும் சிபி1-ல் அது ஒட்டாது.

#12 பொதுமருத்துவம்

எண்ணெய் விஷயத்தில் உடன்பாடில்லை, நண்பரே. எலிக்கு நடந்ததை வைத்து ஒருவர் சூரியகாந்தியை விட்டுத் தேங்காயெண்ணெய்க்கு முழுதாக மாறினால் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஏறும், அது மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். மாரடைப்பு வந்த வீட்டில் இந்த அறிவுரையைக் கொடுக்காதீர்கள்.

மிளகுக்கும் கணக்குப் போடலாம். எலியில் வீக்கத்தைக் குறைத்த அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். உடற்பரப்பு விகிதப்படி 60 கிலோ மனிதருக்கு 24 மில்லிகிராம் அளவு வரும். ஒரு கிராம் மிளகில் வாசனை எண்ணெய் 10 முதல் 30 மில்லிகிராம், காரியோபிலீன் அதில் ஒரு பகுதிதான். பொங்கலில் போடும் மிளகு இந்த அளவைத் தொடாது.

#13 அடுப்பங்கரை_வேதியியல்

எல்டிஎல் பற்றி நீங்கள் சொல்வது சரி, தேங்காயெண்ணெய்க்கு முழுதாக மாறச் சொல்வது தவறாகிவிடும். திருத்திக்கொள்கிறேன்: எண்ணெயின் மொத்த அளவைக் குறைப்பது, கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் மாற்றி மாற்றி வைப்பது, மத்தி, அயிலை, நெத்திலி வாரம் இரண்டு தடவை. ஒமேகா-3 இல்லாமல் வளர்த்த எலிகளின் முன்மூளையில் இந்தப் பின்னோட்ட பிரேக்கே வேலை செய்யவில்லை. மீனைக் குழம்பாக வையுங்கள், ஆழப் பொரித்தால் சட்டி எண்ணெயின் லினோலெயிக்கும் சேர்ந்து உள்ளே போகும். வறுத்த மிளகில் காரியோபிலீன் ஆவியாகும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

#14 சோதனைக்குழாய்

மாத்திரை இல்லாமல் ஆனந்தமைடு கூடுவதை மனித ரத்தத்தில் தெளிவாகப் பார்க்க முடிந்தது ஓட்டம் போன்ற உடற்பயிற்சியில். டிரெட்மில்லில் 30 நிமிடம் வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டபோது உச்ச நாடித்துடிப்பின் 70–80 சதவீதத்தை ஒட்டிய மிதமான வேகத்தில் கூடியது. மெதுவான நடையிலும் மூச்சிரைக்கும் வேகத்திலும் குறிப்பிடும்படி கூடவில்லை. 40 வயதுக்காரருக்கு 220-ல் 40 போக 180, அதில் நிமிடத்துக்கு 126 முதல் 144 துடிப்பு. வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு நாடி ஏறாது, அவர் பேச்சை மட்டும் அளவாக வைக்கட்டும்.

ஓட்டத்துக்குப் பின் வரும் நிம்மதிக்கு எண்டார்பின் காரணம் என்று சொல்லி வந்தோம். 2021-ல் ஓபியாய்டு ரிசப்டரை மருந்தால் அடைத்துவிட்டு 45 நிமிடம் ஓடவிட்டார்கள். நிம்மதி அப்படியே வந்தது, எண்டோகன்னபினாய்டும் கூடியிருந்தது.

தூக்கத்தில் எதிர்ப்பக்கம். நான்கு நாள் நாலரை மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டபோது 2-ஏஜியின் மதிய உச்சம் உயர்ந்து மாலை வரை நீடித்தது. அந்த நேரத்தில் வயிறு நிறைந்திருந்தும் நொறுக்குத்தீனியைத் தள்ள முடியவில்லை. பார்த்தீர்களா, இங்கே "கூடுவது" கெடுதல்.

#15 பொதுமருத்துவம்

வருடக்கணக்காகத் தினம் கஞ்சா புகைப்பவருக்கு என்ன ஆகிறது என்பதும் இதே வழியில்தான். மூளைப் புறணியில் சிபி1 சுமார் 20 சதவீதம் குறைந்திருப்பது 2012-ல் பெட் ஸ்கேனில் தெரிந்தது. நிறுத்திய நான்கு வாரத்தில் மீண்டது. தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை என்று முதல் இரண்டு வாரம் படுத்துவது இதனால். அந்த வாரங்களில் மறுபடி புகைத்தால் தூக்கம் வரும், "மருந்து வேலை செய்கிறது" என்று தோன்றும்.

மாதத்துக்கு ஒரு முறை நிற்காத வாந்தி, வெந்நீரில் குளித்தால் மட்டும் ஆறுதல் என்று வந்தால் அல்ட்ராசவுண்டுக்கு முன் கஞ்சா பழக்கத்தைக் கேளுங்கள். 2004-ல் ஆஸ்திரேலியாவில் முதலில் விவரித்த நோய் அது. வழக்கமான வாந்தி மருந்தான ஒண்டான்செட்ரான் சரியாகக் கேட்காது, ஹாலோபெரிடால் அதைவிட நன்றாகக் கேட்டது. மேல்வயிற்றில் 0.1 சதவீத கேப்சைசின் களிம்பு சிலருக்கு உதவும், கையுறை போட்டுத் தடவ வேண்டும். பொட்டாசியமும் கிரியேட்டினினும் உடனே பாருங்கள், வாந்தியோடு மணிக்கணக்கில் வெந்நீரில் நின்றவர்களுக்குச் சிறுநீரகம் அடிபடும். நிறுத்தினால்தான் நிற்கும்.

#16 மலைக்கோட்டை

நன்றி. கடைசியாக ஒன்று. இந்த எண்ணெயை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் அறுவை சிகிச்சைக்குப் போனால்?

#17 மருந்துச்சீட்டு

மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். குப்பியையே கொண்டு போய்க் காட்டலாம். அவர் கேட்பது நான்கு: சிபிடி மட்டுமா டிஎச்சியும் உண்டா, தினம் எத்தனை மில்லி, எத்தனை மாதமாக, கடைசியாக எப்போது. புகைப்பவராக இருந்தால் புகைத்த இரண்டு மணி நேரத்துக்குள் அவசரமில்லாத அறுவை செய்யமாட்டார்கள், இதயத்துடிப்பு ஏறியிருக்கும். நாள்பட்டுப் புகைப்பவருக்கு மயங்க வைக்கும் மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம், பிறகு வலி மருந்தும் கூடுதலாகத் தேவைப்படலாம். வலிப்புக்காகச் சீட்டோடு சிபிடி எடுக்கும் குழந்தை என்றால் தானாக நிறுத்தக் கூடாது. நரம்பியல் மருத்துவரும் மயக்க மருத்துவரும் பேசிக்கொள்ளட்டும், காலை டோஸைக் கொடுப்பதா என்பதை முந்தின நாளே எழுதி வாங்கிவிடுங்கள்.